மடக்குக் கத்தியில் எது வேலைக்கு, எது காட்சிக்கு

ஏற்காட்டில் ஜூன், ஜூலை மழையில் மிளகுக் கொடி கட்டுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்திருக்கும், அவருடைய இடது கை மரத்தையோ கொடியையோ விடவே விடாது, கயிற்றை அறுக்க வேண்டுமென்றால் மீதி இருப்பது ஒரே ஒரு கை. அந்தக் கையால் கத்தியை எடுக்க வேண்டும், திறக்க வேண்டும், அறுக்க வேண்டும், திரும்ப மடக்கிப் பைக்குள் போடவும் வேண்டும். டாக்டிகல், அதாவது ராணுவப் பாணி, மடக்குக் கத்தி என்று இணையத்தில் கறுப்பு நிறத்தில் மிரட்டலாக விற்கப்படுகிற சாமானின் உண்மையான பொறியியல் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து வந்ததுதான். இன்னொரு கை காலியாக இல்லாத ஆளுக்கான கத்தி அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பாகம் எதற்கு என்று புரியும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதும் சேர்ந்தே புரியும்.

அதற்கு முன்னால் இருந்த மடக்குக் கத்திகள் இரண்டு கை கேட்டவை. பெரியவர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த பேனாக் கத்தி, சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தி, இவற்றிலெல்லாம் அலகின் பக்கவாட்டில் நகம் மாட்ட ஒரு சின்ன வெட்டு இருக்கும். ஒரு கை பிடியைப் பிடிக்க, இன்னொரு கை நகத்தால் அலகை இழுக்கும். திறந்த அலகை நிறுத்தி வைப்பது முதுகில் இருக்கிற வில்தகட்டின் அழுத்தம் மட்டும்தான், பூட்டு எதுவும் கிடையாது. முனையால் அழுத்திக் குத்தினாலோ முதுகுப் பக்கம் எதிலாவது பட்டாலோ அலகு மடங்கி விரலில் வந்து விழும். பென்சில் சீவ, ஆரஞ்சு உரிக்க அது போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. 1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் 110 என்ற மாடலைக் கொண்டுவந்தபோது பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் வைத்து அலகை உறுதியாகப் பூட்டினார்கள். ஆனால் பித்தளையும் மரமும் சேர்ந்து எடை 200 கிராம், இடுப்பில் தோலுறை, திறக்க மறுபடியும் இரண்டு கை.

1981-இல் கொலராடோவில் சால் கிளெஸ்ஸர் நடத்திய ஸ்பைடர்கோ நிறுவனம் வொர்க்கர் என்ற கத்தியை வெளியிட்டது. அதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, அலகில் ஒரு வட்ட ஓட்டை. கட்டைவிரல் நுனியை அதில் வைத்துத் தள்ளினால் அலகு திறந்துவிடும், கையில் உறை போட்டிருந்தாலும், விரல் ஈரமாக இருந்தாலும் திறக்கும். இன்னொன்று, பிடியின் பக்கத்தில் ஒரு கிளிப். கத்தி பாக்கெட்டின் அடியில் சில்லறையோடு கிடக்காமல் விளிம்பில் செங்குத்தாக நிற்கும், தேடாமல் கைக்கு வரும். இன்று டாக்டிகல் என்று விற்கிற கத்திகளில் இந்த இரண்டும், அல்லது ஓட்டைக்குப் பதிலாக ஒரு குமிழோ பின்பக்கம் துருத்துகிற சிறு நீட்டலோ, இல்லாத கத்தியைப் பார்ப்பது அரிது. டாக்டிகல் என்ற பெயர் பரவியது அப்புறம்தான், 1990-களில் எர்னஸ்ட் எமர்சன் மாதிரியானவர்கள் ராணுவத்தினரை மனதில் வைத்து வடிவமைத்த கத்திகளைப் பெஞ்ச்மேட் போன்ற நிறுவனங்கள் பெரிய அளவில் விற்கத் தொடங்கிய பிறகு. கறுப்புப் பூச்சும் முரட்டு முனையும் அந்தக் காலத்துச் சேர்மானம்.

சரி, பூட்டுக்கு வருவோம். ஒரு மடக்குக் கத்தியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், வாங்குகிற யாருக்கும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அதிகமாகக் கிடைப்பது லைனர் லாக். பிடியின் உட்புறத்தில் இருக்கிற மெல்லிய தகட்டில் ஒரு பகுதியை நீளவாக்கில் வெட்டி, உள்பக்கமாக வளைத்து விட்டிருப்பார்கள். அலகு முழுதும் திறந்ததும் அந்தத் தகடு வில்லாக நகர்ந்து அலகின் அடிக்கட்டைக்கு, அதாவது பிடிக்குள் இருக்கிற அதன் அடிப்பகுதிக்கு, பின்னால் போய் நிற்கும், அலகு திரும்ப வர முடியாது. அமெரிக்க ராணுவத்தின் மின்பணியாளர்கள் வைத்திருந்த பழைய கத்திகளில் இதன் எளிய வடிவம் ஏற்கெனவே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் அதை இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தகட்டில் பதித்த ஒரு சின்ன உருண்டை அலகில் உள்ள குழியில் விழுந்து, மூடிய கத்தி பாக்கெட்டில் தானாகத் திறக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்த அமைப்பின் பகுதிதான். அடுத்ததாக, தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவ் 1990 வாக்கில் செபென்சா என்ற கத்தியில் தனித் தகடே வேண்டாம் என்று டைட்டானியப் பிடியின் ஒரு பக்கத்தையே வெட்டி வில்லாக்கினார். அதுதான் ஃப்ரேம் லாக். தகடு தடிமன், தவிர நாம் பிடிக்கிற பிடியே பூட்டை உள்ளே அழுத்தும்.

இரண்டிலும் தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கத்தியைத் திறந்து பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பூட்டுத் தகடு அலகின் அடிக்கட்டையில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று தெரியும். புதுக் கத்தியில் கால் பங்கிலிருந்து பாதிவரை ஏறியிருப்பது நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வருஷக் கணக்கில் பயன்படுத்த அது மெதுவாக எதிர்ப்பக்கம் நகரும். எதிர்ப்பக்கத் தகட்டை முட்டிவிட்டால் பூட்டின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இந்த இரண்டு பூட்டுக்கும் ஒரு குறை உண்டு, மூடும்போது தகட்டை ஒதுக்கக் கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே இருக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டு மீதியை மூடப் பழக வேண்டும்.

1998-இல் பெஞ்ச்மேட் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக் அந்தக் குறையைத் தீர்த்தது. பிடியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு குறுக்குக் கம்பி அலகின் அடிக்கட்டைக்கும் பின்னாலுள்ள தடுப்புக்கும் இடையில் ஆப்பாக இறங்கும். பின்னால் இழுத்தால் அலகு விடுபடும், விரல் எதுவும் பாதையில் வராது, இடது கைக்காரர்களுக்கும் சமம். காப்புரிமை காலம் முடிந்தபின் சீனத் தயாரிப்பாளர்கள் பலரும் இதைச் செய்வதால், நியாயமான விலையில் நம் ஊருக்கும் கூரியரில் வந்துவிடுகிறது. மலையில் வேலைக்கு என்று கேட்டால் என் தேர்வு இதுதான். ஒரே ஒரு கவனம்: குறுக்குக் கம்பியைத் தள்ளுவது மயிரிழைக் கம்பி வில் இரண்டு, அங்கே பிசினோ மண்ணோ அடைத்தால் பூட்டு பாதியில் நின்றுவிடும்.

எந்தப் பூட்டாக இருந்தாலும் மடக்குக் கத்தி என்பது நடுவில் மூட்டு உள்ள கருவி. அலகின் மீது பக்கவாட்டில் விழுகிற விசை எல்லாம் ஒரு சின்ன திருகாணி வழியாகத்தான் பிடிக்குப் போகிறது. டப்பா மூடியை நெம்ப, ஆணி பிடுங்க, இளநீர் சீவ, விறகு பிளக்க அது ஆகாது. இதற்குத்தான் கொடுவாள் இருக்கிறது, மலையில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. காபித் தோட்டத்தில் நிழல் மரக் கிளை கழிப்பதோ கவாத்து எடுப்பதோ மடக்குக் கத்தியின் வேலையில்லை.

இப்போது இரும்பு. சேலத்துக்காரர்கள் இதைப் பற்றி உரிமையோடு பேசலாம். கஞ்சமலையின் இரும்புக் கல்லும், இந்தப் பகுதியில் கரியோடு சேர்த்து மண் மூசையில் உருக்கிய எஃகும் பழைய கதை. அந்த எஃகில் கரிமம் 1 முதல் 2 சதவீதம் வரை போகும், உலகம் தேடி வந்து வாங்கிய சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சேவையில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கியபோதும் நம்பியது சேலத்துக் கல்லைத்தான். பிறகு 1981-இல் கஞ்சமலைப் பக்கம் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது, ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனை இருந்தும், நம் வீட்டு எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு நல்ல கத்தி செய்ய முடியாது என்பது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

காரணம் எளிது. பாத்திரத்துக்குப் பெயர்போன 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், கரிமம் அதிகபட்சம் 0.08 சதவீதம். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கும்போது உள்ளே இருக்கும் அடுக்கமைப்பு சட்டென்று மாறி, கரிமம் இடையில் மாட்டிக்கொண்டு இறுகுவதால்தான் கடினம் வருகிறது. 304-இல் மாட்டிக்கொள்ளப் போதுமான கரிமமும் இல்லை, அதிலுள்ள நிக்கல் அந்த மாற்றத்தை நடக்கவும் விடுவதில்லை. எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் மென்மையாகவேதான் இருக்கும். துருப்பிடிக்காது, கூரும் நிற்காது.

கத்திக்கான ஸ்டெயின்லெஸ் வேறு குடும்பம். நிக்கல் கிட்டத்தட்டக் கிடையாது, குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டி, கரிமம் அரை சதவீதத்துக்கு மேல். விலை குறைந்த சீன மடக்குக் கத்திகளில் வருகிற 8சிஆர்13எம்ஓவி என்ற ரகத்தில் கரிமம் சுமார் 0.8, குரோமியம் 13. அதற்கு மேலே 440சி, விஜி10, பிறகு 2001-இல் கத்திக்கென்றே உருவாக்கிய எஸ்30வி என்று ஏறிக்கொண்டே போகும், விலையும்தான். டி2 என்று ஒன்று இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது: கரிமம் 1.5, குரோமியம் 12. கணக்குப் பார்த்தால் துருப்பிடிக்கக் கூடாது, ஆனால் அவ்வளவு கரிமம் இருக்கும்போது அது குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கடினத் துகள்களாக்கிக்கொள்ளும், துருவைத் தடுக்க மிஞ்சுவது போதாது. அதனால் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் பனி மூடிக்கிடக்கிற மாதங்களில் துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகப் பழுப்பு விழும். சேலம் டவுனுக்குள் வைத்துக்கொள்ள டி2 நன்றாகவே இருக்கும், நாகலூர், செம்மநத்தம் பக்கம் மழையில் திரிகிறவர் 13 சதவீதக் குரோமியம் உள்ள சாதாரண ரகத்தை எடுத்துக்கொண்டு அடிக்கடி தீட்டிக்கொள்வது மேல்.

ரகத்தின் பெயரைவிட முக்கியம் அதைக் காய்ச்சிப் பதம் பார்த்த விதம். நம் பட்டறைகளில் கொடுவாள் அடிப்பது பெரும்பாலும் லாரிப் பட்டா இரும்பில். அதில் கரிமம் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், விசையைத் தாங்கி வளைந்து கொடுக்கும், கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவுகோலில் மிகக் கடினமாக ஆக்கவும் மாட்டார்கள், கல்லில் பட்டால் விளிம்பு உதிரக்கூடாது என்பதற்காக. மடக்குக் கத்தியை 57 முதல் 61 வரை கொண்டுபோவார்கள், அதற்கு மேலே போனால் கூர் நிற்கும், ஆனால் பக்கவாட்டு விசையில் சில்லு சில்லாகப் பெயரும். நல்ல ரகத்தை மோசமாகக் காய்ச்சியதைவிட, சாதாரண ரகத்தை ஒழுங்காகக் காய்ச்சியது எப்போதும் நன்றாக அறுக்கும்.

வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறுவது தடிமன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் என் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தடிச்ச இரும்பு பொளக்கும் சாமி, அறுக்காது. அறுக்கணும்னா வாய் மெல்லிசா வரணும்.” இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. டாக்டிகல் கத்திகளில் நிறைய 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன், அதிலும் சரிவு பாதியில் தொடங்குவதால் வாய்க்கு, அதாவது அறுக்கிற கூர் விளிம்புக்கு, பின்னாலேயே இரும்பு தடித்து நிற்கும். மாங்காயில் அது இறங்காது, பிளந்துகொண்டு போகும். 1890-இலிருந்து பிரான்சில் செய்கிற ஓப்பினெல் கத்தியின் அலகு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, மரப்பிடி, 1955-இல் சேர்த்த ஒரு சுழல் வளையம்தான் பூட்டு, சேலத்து மல்கோவாவைத் தோல் சீவி நறுக்க அதற்கு நிகர் இல்லை. அதன் கரிம எஃகு ரகம் மட்டும் மாம்பழப் புளிப்பில் கறுத்துப் பழத்திலும் இரும்பு வாசம் ஏற்றும், ஸ்டெயின்லெஸ் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் வளையத்தைத் திருப்ப இரண்டு கை வேண்டும், ஏணி மேல் அது உதவாது. முதுகு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், முதுகிலிருந்தே வாய்வரை ஒரே சரிவாக இழைத்த அலகு, ஒரு கையில் திறக்கிற பூட்டு, இந்த இரண்டும் சேர்ந்த கத்தியைத் தேடுங்கள், கிடைக்கிறது.

மற்ற அலங்காரங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். உளி மாதிரி உடைந்த கோணத்தில் இருக்கிற டான்டோ முனை வலுவானது, ஆனால் பழம், கயிறு, அட்டைப்பெட்டி எதற்கும் வளைந்த வாய்தான் வசதி. பாதி அலகுக்கு ரம்பப் பல் வைத்தது ஈர நைலான் கயிற்றை நன்றாக அறுக்கும், வீட்டில் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது. கயிறுதான் உங்கள் தொழில் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். கறுப்புப் பூச்சு தேயும்வரை துருவைத் தடுக்கும். கண்ணாடி உடைக்கிற முனை பாக்கெட் துணியைக் கிழிக்கும். பிடிக்கு ஜி10 என்கிற கண்ணாடி இழைப் பலகை ஈரக் கையிலும் வழுக்காது, அதற்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். அலுமினியம் மலைக் குளிரில் சில்லென்று இருக்கும், வழுக்கவும் செய்யும்.

தினசரி வேலை என்னவென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் அழகு. சொட்டுநீர்க் குழாயை நேராக வெட்டுவது, உர மூட்டையின் தையலைப் பிரிப்பது, தார்ப்பாய்க் கயிறு, பார்சல் நாடா, நாற்றுப் பையைக் கீறுவது, ஆரஞ்சு, கொய்யா. பலாப்பழத்துக்கு மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தாலும் பிசின் பூட்டுக்குள்ளும் திருகாணி வாஷருக்குள்ளும் இறங்கிவிடும், காய்ந்தால் அலகு நகராது, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். மேக்னசைட் சுரங்கப் பக்கம், செங்கல் சூளைப் பக்கம் புழுதியில் வேலை செய்கிறவர்கள் மூட்டில் பேரிங் வைத்த கத்தியைவிட வெண்கல வாஷர் வைத்ததை எடுப்பது நல்லது. பேரிங் வழவழவென்று திறக்கும், ஆனால் புழுதி ஏறினால் கரகரக்கும். துரு முதலில் பிடிப்பது அலகில் இல்லை, வியர்வை படுகிற கிளிப் திருகுகளிலும் உள்தகட்டிலும்தான். ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் அங்கே போதும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துவைக்கும், அதை மூட்டில் விடாதீர்கள். பழம் நறுக்குகிற அலகின் மீது மட்டும் தடவித் துடைக்கலாம்.

சட்டம் பற்றியும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிற விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சாதாரண மடக்குக் கத்தியின் அலகு மூன்று, மூன்றரை அங்குலம்தான். அதற்காக எங்கே வேண்டுமானாலும் இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம் என்று நினைக்கக் கூடாது. வாக்குவாதத்தில் எடுத்துக் காட்டினாலே அது மிரட்டல் குற்றம். கோடை விழாக் கூட்டத்துக்கோ, நீதிமன்றத்துக்கோ, கலெக்டர் ஆபீஸுக்கோ போகும்போது அது வீட்டில் இருக்கட்டும். காமலாபுரம் விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் எடுத்துவிடுவார்கள், சரக்கில் போடுகிற பெட்டிக்குள் வைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் தானாகப் பாய்கிற ராம்பூர் வகைக் கத்தியை வாங்கவே வேண்டாம். வேலைக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது, போலீஸ் பார்வையில் அது வேறு கணக்கு.

கடைசியாகத் தீட்டுவது. தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் அரிவாள்மனையைத் தாராளமாகக் கொடுக்கலாம், மடக்குக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் சுழல்கிற சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய வாயில் சூடு சில நொடியில் ஏறும். காய்ச்சிப் பதம் பார்த்தபோது கடைசியாகக் கொடுத்த சூடு பல ரகங்களில் 200 டிகிரியை ஒட்டித்தான், அதைத் தாண்டினால் வாய் மென்மையாகிவிடும், அன்றைக்கு நன்றாக வெட்டும், வாரத்துக்குள் மழுங்கும். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் வேறு வேறு சொரசொரப்பு உள்ள கார்போரண்டம் கல் வாங்குங்கள். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கல்லை நனைத்து, ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி அளவில் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். மை முழுதாக அழிந்தால் கோணம் சரி, மேல்பக்கம் மட்டும் அழிந்தால் சாய்வு குறைவு, நுனியில் மட்டும் அழிந்தால் அதிகம். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க எதிர்ப்பக்கம் விரலில் தட்டுகிற பிசிர் எழும்பும். அது அடியிலிருந்து முனைவரை வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும், பலர் பாதியில் மாற்றிவிட்டுக் கல்லைக் குறை சொல்கிறார்கள். நைசான பக்கத்தில் மெதுவாக நாலு இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகை முன்னால் வைத்து இழுத்தால் பிசிர் போய்விடும். செய்தித்தாளைக் கையில் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ, வாயின் அந்த இடத்தில் மட்டும் மறுபடி இரண்டு இழுப்பு போதும்.